செடிக்கு வேர்த்த கதை

வெந்நீர் பட்ட இலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு தொங்குவதை, வாயில் வைத்த உறிஞ்சுகுழலை எடுக்கவும் மறந்து, ஏணி மேல் நின்றபடி வில்மார் பார்த்துக்கொண்டிருந்தான்.

தப்பு அவனுடையதுதான். மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குடுவையும் அதற்கான வெந்நீர் பிளாஸ்க்கும் கலைக்கூடத்துக்குள் வரவே கூடாது என்று ஈவோன் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் மோன்டெவிடேயோ நகரத்தில் கக்கத்தில் பிளாஸ்க் இல்லாமல் ஒரு மனிதனை நடக்கச் சொல்வது, சட்டை இல்லாமல் நடக்கச் சொல்வது மாதிரி. வில்மார் கக்கத்தில் பிளாஸ்க்கோடு சைக்கிள் ஓட்டுவான், குழந்தையைத் தூக்குவான், பஸ்ஸில் சில்லறை எண்ணிக் கொடுப்பான். கல்யாணப் படத்தில்கூட அந்தக் கை உடம்போடு ஒட்டித்தான் இருக்கும். அப்படியே ஏணியிலும் ஏறி, சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரைச் சரிசெய்துகொண்டிருந்தான். கைபேசி அடித்தது. அது பிளாஸ்க் இருக்கும் பக்கத்துப் பையில் இருந்தது. கையைத் தூக்கினான்.

பிளாஸ்க் நேராகச் செடியின் தலையில் இறங்கியது. மூடி கழன்று வெந்நீர் முழுவதும் இலைகளை நனைத்து, தொட்டிக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைப் பெட்டிக்குள் போனது. பெட்டி ஒருமுறை தும்மியது. எதிர்ச்சுவர் இருண்டது.

கைபேசியில் மச்சான் நெல்சன். "என்ன மாப்ளே, இன்னிக்குத்தானே உன் செடிக்குப் பரீட்சை? ஃபெயிலானா சொல்லு, உனக்கு ஒரு கத்தி எடுத்து வெச்சிருக்கேன்."

நெல்சனுக்குத் துறைமுகத்துப் பக்கம் மீன் கடை. வில்மார் பல வருஷம் அங்கே செதில் சுரண்டியவன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு மகளைத் தூக்கினாலும் அவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். கோடை முடிந்தபோதுதான், பழைய சோப்புத் தொழிற்சாலையைக் கலைக்கூடமாக மாற்றியவர்கள் ஏணி ஏறவும் ஒயர் இழுக்கவும் ஆள் தேடினார்கள். தற்காலிக வேலை. ஈவோன் மேடத்தின் படைப்புக்குப் பரிசு கிடைத்தால் அவர் சொல் கூடத்தில் எடுபடும், வில்மாரை நிரந்தரமாக்கிவிடுவார். கிடைக்காவிட்டால் மேடமே மூட்டை கட்ட வேண்டும். வில்மார் செதிலுக்குத் திரும்ப வேண்டும். நடுவர்கள் இன்று சாயங்காலம் வருகிறார்கள்.

படைப்பின் பெயர் 'செடி கேட்கிறது'. இருட்டான கூடம், நடுவில் கறுப்பு மரப்பெட்டி, அதன் மேல் தொட்டி, தொட்டியில் ஒரு காட்டுச் செடி. செடிக்குள் ஓடும் மெல்லிய மின்சாரத்தை இலையில் மாட்டிய கிளிப் பிடிக்கும், வெள்ளைப் பெட்டி அளக்கும், கணினி அதை ஒளியாகவும் மேளச் சத்தமாகவும் மாற்றிச் சுவரில் காட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். வில்மாரும் பார்ப்பான். ஒரு செடி யோசிப்பதைச் சுவரில் பார்க்கக் கிடைக்கிற வேலை, மீன் கடையில் கிடைக்குமா?

செடி மேல் மேடத்துக்கு உயிர். கயிறு கட்டி யாரையும் கிட்ட விடமாட்டார். தண்ணீர் அவர்தான் ஊற்றுவார். எப்போது ஊற்றுகிறார் என்று வில்மார் பார்த்ததில்லை. வெள்ளைப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. வாரக்கடைசியில் செடிக்கு ஓய்வு வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் வேன் கொண்டுவந்து எடுத்துப்போவார், திங்கட்கிழமை கொண்டுவந்து வைப்பார். ஒரு திங்கட்கிழமை கிளையில் ரோஸ் ரிப்பன் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்து வில்மார் உருகிப்போனான். அவனுக்கே சனிக்கிழமை விடுமுறை கிடையாது.

அந்தச் செடிக்குத்தான் இப்போது வெந்நீர் அபிஷேகம் நடந்திருக்கிறது.

சூடு பட்டால் குளிர்ச்சி வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்த வைத்தியம். மீன் கடையில் எதற்கும் ஐஸ்தான் மருந்து. முக்கு காபிக் கடைக்கு ஓடி ஒரு வாளி ஐஸ் வாங்கிவந்து இலைகளுக்கு இடையே திணித்தான். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தால், தொங்கிய இலைகள் தொங்கிய கோலத்திலேயே விறைத்துப்போயிருந்தன. தட்டினால் டக் டக் என்றன. செத்ததும் விறைப்பது மீனுக்கும் உண்டுதான்.

அப்படியானால் இளஞ்சூடு கொடுத்துப் பார்ப்போம் என்று பக்கத்து அழகு நிலையத்துக்குப் போனான். தலைமுடி உலர்த்தும் கருவியைக் கடன் கேட்டான்.

"யாருக்கு?" என்றாள் கடைக்காரி கிளாதிஸ், அவன் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே.

"ஒரு செடிக்கு."

கிளாதிஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. கலைக்கூடம் வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

உலர்த்தியைக் காட்டியதும் இலைகள் அசைந்தன. வில்மாருக்கு உயிர் வந்தது. இன்னும் கிட்டே கொண்டுபோனான். இலைகள் இன்னும் வேகமாக அசைந்து, சுருட்டு மாதிரி சுருண்டு, பாதி அளவாகச் சுருங்கின. லேசாக ஒரு வாசனையும் வந்தது. காட்டுச் செடி, எரிந்தால் என்ன வாசம் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவசரமாக நிறுத்தினான்.

இனி வைத்தியம் வேண்டாம், தோற்றத்தையாவது காப்பாற்றுவோம் என்று முடிவுசெய்தான். அவன் பையில் எப்போதும் தூண்டில் நரம்பு இருக்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிளையையும் நரம்பால் கட்டி, மேலே உத்தரத்தோடு சேர்த்து இழுத்தான். செடி நிமிர்ந்தது. கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்தது. எல்லா இலையையும் மேலே தூக்கி, துப்பாக்கிக்கு முன்னால் கை தூக்கினவன் மாதிரி நின்றது.

அடுத்தது வெள்ளைப் பெட்டி. அதைக் கவிழ்த்தபோது மாத்தே தண்ணீர் பச்சையாக ஒழுகியது. திறக்கக் கூடாது என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அதை அப்படியே ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்தான். கிடங்கில், பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் விளையாட்டில் வைத்த பழைய பெட்டி ஒன்று இருந்தது. அதன் கிளிப்பை விரலில் மாட்டினால் கை வேர்ப்பதையும் நெஞ்சு அடிப்பதையும் அளந்து சொல்லும். பொய் சொல்கிறவனைப் பிடிக்கிற விளையாட்டு. அதைக் கணினியோடு இணைத்து, கிளிப்பை இலையில் மாட்டினான்.

சுவரில் ஒரு கோடு வந்தது. நேர்கோடு. ஆஸ்பத்திரியில் மாமனார் போனபோது திரையில் வந்த அதே கோடு.

பெட்டிதான் வேலை செய்யவில்லையோ என்று கிளிப்பைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தான். சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக வெடித்தது. ஒலிபெருக்கியில் திருவிழா மேளம் போலத் தடதடவென்று அடித்தது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. செடிதான் போய்விட்டது.

வில்மார் தரையில் உட்கார்ந்தான். மீனைக் கொன்றிருக்கிறான், கணக்கே கிடையாது. யோசிக்கிற ஒன்றைக் கொன்றது இதுதான் முதல் தடவை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நடுவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

யோசிக்க நேரமில்லை. கறுப்பு மரப்பெட்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, முழங்காலை மோவாய்க்கு மடித்து, கிளிப்பை மறுபடி விரலில் மாட்டிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினான். தலைக்கு மேலே தொட்டியின் அடிப்பாகம். முன்னால் ஒயர் போகிற ஓட்டை. அதன் வழியாகச் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

இரண்டு ஜோடி. பழுப்புத் தோல் செருப்பு தலைமை நடுவர் எவாரிஸ்தோ. ஊர்க்காரர், குரல் கனமாக இருந்தது. மலை ஏறப் போடுகிற மாதிரி தடித்த செருப்பு நார்வேயிலிருந்து வந்த இங்கெபோர்க் அம்மாள். ஒலியைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்.

வில்மாரின் நெஞ்சு அடித்தது. மேளமும் அடித்தது.

"ஐயோ, இது பயப்படுது" என்றார் இங்கெபோர்க். "நம்மைப் பார்த்துப் பயப்படுது. இலையை எப்படித் தூக்கியிருக்கு பாருங்க."

"எல்லா வருஷமும் செடிதான் கொண்டுவர்றாங்க. ஒண்ணாவது நாம உள்ளே வந்ததைக் கவனிச்சிருக்கா?" என்றார் எவாரிஸ்தோ. "நேத்து பார்த்ததெல்லாம் பழைய பாட்டைத் திரும்பப் போடற ரேடியோ மாதிரி. இது ஆளைப் பார்த்து அடிக்குது."

இருவரும் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்கள். செருப்புகள் தள்ளிப் போனதும் வில்மார் மூச்சு விட்டான். மேளம் தணிந்தது, சுவர் நீலமானது. அவர்கள் முன்னால் வந்தார்கள். மேளம் எகிறியது. பின்னால் போனார்கள், தணிந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் பிள்ளைகள் மாதிரி முன்னும் பின்னும் நடந்து விளையாடினார்கள். வில்மாருக்கு வேர்த்து ஊற்றியது. வேர்க்க வேர்க்கச் சுவர் இன்னும் துலக்கமாக ஒளிர்ந்தது.

அப்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. நெல்சனிடமிருந்து செய்தி. 'கத்தி தீட்டியாச்சு. ஏப்ரன் உன் சைஸ்தான்.' சுவரில் ஒரு நடுக்கம் ஓடி மறைந்தது.

"இது என்ன? நாம அசையவே இல்லையே" என்றார் இங்கெபோர்க்.

"பழசு ஏதாவது ஞாபகம் வந்திருக்கும்" என்றார் எவாரிஸ்தோ, தாழ்ந்த குரலில்.

மூன்றாவது ஜோடி செருப்பு ஓடிவந்தது. கூர்மையான குதிகால். ஈவோன் மேடம். தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். குதிகால்கள் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டன.

எவாரிஸ்தோ அவருக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினார். முன்னால் வந்தால் பயம், பின்னால் போனால் நிம்மதி. செடிக்கு ஆள் தெரிகிறது, ஞாபகம் இருக்கிறது, நடுங்குகிறது.

"அப்படி இருக்கவே முடியாது" என்றார் மேடம். குரல் காய்ந்திருந்தது.

"தன் படைப்பைப் பத்தி இவ்வளவு அடக்கமாப் பேசற கலைஞரை நான் பார்த்ததில்லை" என்றார் இங்கெபோர்க்.

"இல்லைங்க, நிஜமாவே சொல்றேன். அதுக்கு வாய்ப்பே இல்லை."

வில்மாருக்குப் புரிந்துபோயிற்று. மேடத்துக்குச் செடியின் ஒவ்வொரு துடிப்பும் அத்துப்படி. இது தன் செடியின் துடிப்பு இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். மேளம் காதைப் பிளந்தது.

அந்த நேரத்தில்தான் எவாரிஸ்தோ தன் பையிலிருந்து பிளாஸ்க்கையும் குடுவையையும் எடுத்தார். அவருக்குக் கட்டளை போட அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. வெந்நீர் இறங்கும் சத்தமும், நனைந்த மாத்தே இலையின் கசப்பு வாசனையும் ஓட்டை வழியாக உள்ளே வந்தன. மதியத்திலிருந்து வில்மார் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நாக்கில் எச்சில் ஊறியது. தன்னை மறந்து ஓட்டைப் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்தான்.

சுவர் மெல்ல மெல்லப் பொன்னிறமானது.

எவாரிஸ்தோ குடுவையை இங்கெபோர்க்கிடம் நீட்டினார். அந்த அம்மாள் குடித்துவிட்டு, மரியாதையாக நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மாத்தே குடிக்கிறவர்களிடையே நன்றி என்றால் போதும் என்று அர்த்தம், மறுபடி ஊற்றமாட்டார்கள். பாவம், அவர் வந்த நாளிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒரு வாயோடு ஏமாந்துகொண்டிருந்தார். எவாரிஸ்தோ குடுவையைக் கயிற்றுக்கு மேலாகச் செடியின் பக்கம் நீட்டினார். பொன்னிறம் கண் கூசும்படி ஆனது. விலக்கினார். மங்கியது.

"மாத்தே கேக்குது" என்றார் எவாரிஸ்தோ. குரல் உடைந்துவிட்டது. "நம்ம ஊர்ச் செடிங்க இது. நம்ம ஊர் மண்ணு."

"எவாரிஸ்தோ, வேண்டாம்" என்று மேடம் முன்னால் பாய்ந்தார். "சூடா எதுவும் ஊத்தாதீங்க, அது..."

"ஒரு வாய்தான். கேக்கறவனுக்குக் கொடுக்காம எப்படி?"

ஒரு வாய் இல்லை, ஒரு குடுவை முழுக்க ஊற்றினார். ஊறிய சக்கையும் சேர்ந்து இறங்கியது. தொட்டியின் கூழாங்கற்களை நனைத்து, அடி ஓட்டை வழியாக, சூடு கொஞ்சமும் குறையாமல், வில்மாரின் வழுக்கைத் தலையில் விழுந்தது.

அவன் கத்தவில்லை. அதற்கு மகளும், மகள் மூக்கும், நெல்சன் எடுத்துவைத்த ஏப்ரனும்தான் காரணம். முழங்காலைக் கடித்துக்கொண்டான். ஆனால் விரலில் இருந்த கிளிப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சுவர் கிழிந்துவிடும்போலச் சிவந்தது. ஊர் மேளமெல்லாம் ஒன்றாக அடித்த மாதிரி கூடம் அதிர்ந்தது, மேல் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. பிறகு மெதுவாக, விம்மி விம்மி, ஒவ்வொரு அடியாகத் தணிந்து, நீலத்தில் போய் அடங்கியது.

இங்கெபோர்க் அழுதுகொண்டிருந்தார். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு, செடியிடம் மன்னிப்புக் கேட்டார்.

"கலந்து பேச வேண்டியது ஒண்ணும் இல்லை" என்றார் இங்கெபோர்க், மூக்கைச் சிந்திக்கொண்டு. "இந்தப் போட்டியிலேயே உயிர் உள்ளது இது ஒண்ணுதான்."

அவர்கள் மேடத்தின் கையைக் குலுக்கி, பரிசு அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் நுனிக்காலில் வெளியே போனார்கள். தடித்த செருப்புகூட நுனிக்காலில் போனது.

கூடத்தில் குதிகால் செருப்பு மட்டும் மிச்சம். அது நகரவில்லை. வில்மாருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் பரிசு கைக்கு வரும், வேலையும் வரும். ஆனால் தலைக்கு மேலே ஒரு பிணத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? கதவைத் தள்ளிக்கொண்டு நாலு காலில் வெளியே வந்தான். தலையில் சக்கை ஒட்டியிருந்தது. விரலில் கிளிப் தொங்கியது.

மேடம் அவனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கிளிப்பைப் பார்த்தார்.

"மேடம், நான்தான் கொன்னுட்டேன்" என்றான் வில்மார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். ஏணி, பிளாஸ்க், ஐஸ், கிளாதிஸின் உலர்த்தி, தூண்டில் நரம்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. நேர்கோட்டைப் பற்றியும் சொன்னான். போலீஸைக் கூப்பிடுவதானாலும் நடுவர்களைத் திரும்பக் கூப்பிடுவதானாலும் தானே போய்க் கூப்பிடுவதாகச் சொன்னான்.

மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்த வெள்ளைப் பெட்டி... அதைத் திறந்தியா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்லை மேடம். நீங்கதான் திறக்கக் கூடாதுன்னீங்களே."

அவர் மூச்சை வெளியே விட்டார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. கைக்குட்டையை எடுத்து அவன் தலையில் இருந்த சக்கையைத் தாமே துடைத்தார்.

"வில்மார், நடந்தது நடந்துபோச்சு. எல்லாருக்கும் ஒரு நாள் சாவு உண்டு, செடிக்கும்தான். நீ இதை யார்கிட்டயும் சொல்லாதே. உன் பொண்டாட்டிகிட்டகூட. திங்கட்கிழமையிலேர்ந்து நீ நிரந்தரம். சனிக்கிழமை லீவு. பெட்டிக்குள்ள உக்கார ஒரு மெத்தை வேணும்னாலும் வாங்கிக்கலாம்."

வில்மாருக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் உயிருக்கு உயிரான ஒன்றைக் கொன்றவனை இப்படி மன்னிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! நெல்சனாக இருந்தால் ஒரு நெத்திலி குறைந்தாலே நாள் முழுக்கத் திட்டுவான். செடியைத் தன் கையால் துறைமுகப் பூங்காவில் அடக்கம் செய்து, வாராவாரம் பூ வைப்பதாக வில்மார் சொன்னான். அதெல்லாம் வேண்டாம் என்றார் மேடம், கொஞ்சம் அவசரமாக. அவன் விடவில்லை. அது தன் கடமை என்றான். நரம்புகளை அறுத்து, தொட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டான். செத்த பிறகு எவ்வளவு லேசாகிவிட்டது என்று நினைத்தபோது மறுபடியும் அழுகை வந்தது.

இன்று வெள்ளிக்கிழமை என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

மஞ்சள் தொப்பி வேன்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். வில்மாரின் கையிலிருந்த தொட்டியைப் பார்த்தார். சாவி நின்றது. ஒரு இலையை விரலால் சுண்டினார். டக் என்றது.

"மறுபடியும் எவனோ வெந்நீர் ஊத்தியிருக்கான் பாருங்க, பிளாஸ்டிக் இலை சூடு தாங்காதுன்னு வாராவாரம் சொல்லித்தானே மேடம் உங்களுக்கு வாடகைக்கு விடறேன், நாளைக்குப் பதினஞ்சாம் பிறந்தநாள் கொண்டாடற அந்தப் பொண்ணோட கேக்குக்குப் பக்கத்துல நான் இப்போ எதைக் கொண்டுபோய் வைப்பேன்?"